பதினொன்று குறைவு

அவர் யாருக்கும் வணக்கம் சொல்லி நான் பார்த்ததில்லை. எதிரே வந்தால் முதல் வேலையாக நம் வலது கையைப் பிடித்து மணிக்கட்டில் இரண்டு விரலை வைப்பார். பார்வை வாட்சில் இருக்கும். பதினைந்து விநாடி எண்ணி, நாலால் பெருக்கி, "எழுவத்தி ரெண்டு, நல்லா கீற" என்று சொன்ன பிறகுதான் மற்ற பேச்செல்லாம். ஒரு கல்யாண வரவேற்பில் மேடையேறிப் போய் மாப்பிள்ளையின் கையையே பிடித்துவிட்டார். "நூத்தி நாலு. பையன் பயந்துகினு கீறான்" என்று பெண்ணின் அப்பாவிடம் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

அந்த மனிதரின் முடிவில் எனக்கும் பங்கு உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் பேனாவை எடுத்தால் இந்த மாதிரி வேடிக்கைதான் முந்திக்கொண்டு வருகிறது. அவரை நினைத்தாலே முதலில் சிரிப்பு வந்துவிடுகிறது, நான் என்ன செய்ய.

ஓட்டக் குழுவில் எல்லாரும் அவரை இன்ஸ்பெக்டர் என்போம். போலீஸ் இல்லை. மறைமலை நகர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. இருபது வருஷமாக ஒரே வேலை. இரண்டு முனை உள்ள ஓர் இரும்புத் துண்டைக் கையில் வைத்திருப்பார். ஒரு முனை பாகத்தின் துளைக்குள் நுழைய வேண்டும், மறு முனை நுழையவே கூடாது. இரண்டும் டிராயிங்கில் போட்ட அளவுக்குச் சரியாக இருந்தால் பாகம் பாஸ். இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டிக்குள் போய் விழும். "மொதலாளி மச்சானே செஞ்சி எடுத்தாந்தாலும் செவப்புத் தொட்டிதான். அளவு ஆளைப் பாத்து மாறாது" என்பார். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது இதைக் கேட்டாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் ஓடிவிட்டு டீக்கடைக்குப் போவோம். அங்கேயும் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து வடையை அளப்பார். "போன வாரத்துக்கு ரெண்டு எம்எம் கம்மி மாஸ்டர்." மாஸ்டர் கரண்டியைத் தட்டிவிட்டுச் சொல்வார்: "அண்ணாத்த, இது எண்ணெய்ல பொரியுது. உங்க மிஷின்லேந்து வரல. ஒண்ணு பெருசா வரும், ஒண்ணு சிறுசா வரும். துன்னுட்டுப் போவியா, அத்த விட்டுட்டு..." இவர் முகத்தில் ஈயாடாது. தட்டிலேயே சின்ன வடையாகப் பார்த்து எடுத்துக்கொள்வார், பெரியதை எங்களுக்குத் தள்ளுவார். அதையும் சொல்ல வேண்டும்.

மணிக்கட்டைப் பிடிக்கும் பழக்கம் எப்படி வந்தது என்று ஒரே ஒரு முறை சொன்னார். கம்பெனி விளையாட்டு விழாவில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த கூட்டாளி ஒருவர் அப்படியே சாய்ந்திருக்கிறார். ஆம்புலன்சில் கூடப் போனது இவர். "கையப் புடிச்சிகினேதான் இருந்தேன் மெடிக்கல். துடிப்பு எப்போ நின்னுச்சின்னு எனக்குத் தெரில. புடிச்சிகினே கீறேன், தெரில" என்றார். ராட்டினங்கிணறு பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பதால் அவருக்கு நான் மெடிக்கல். என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே இல்லை.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் ஓட வந்தார். வந்த கொஞ்ச நாளில் பொத்தேரியில் ஒரு ஜிம் சுவரில் ஒட்டியிருந்த கணக்கைப் பிடித்துக்கொண்டார். இருநூற்று இருபதிலிருந்து உன் வயதைக் கழி. மிச்சம் வருவதுதான் உன் இதயம் ஒரு நிமிஷத்தில் துடிக்கக்கூடிய உச்சம். இவ்வளவுதான் கணக்கு. கற்பூரம் போலப் பிடித்துக்கொண்டார். ஆளுக்கொரு அட்டையில் எண்ணை எழுதி லேமினேட் செய்து கொண்டுவந்து கொடுத்தார். நெஞ்சில் கட்டுகிற பட்டையும், அதன் துடிப்பைக் காட்டுகிற வாட்சும் வாங்கினார். மாதம் ஒரு முறை ஒவ்வொருவரையும் மூச்சுமுட்ட ஓடவிட்டுப் பார்ப்பார். எண்ணைத் தாண்டினால் ஓவர்சைஸ், ஆபத்து, நடையாக நட. எண்ணைத் தொடாவிட்டால் அண்டர்சைஸ், நீ முழுசாக உழைக்கவில்லை என்று அர்த்தம்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. நூற்று எண்பத்திரண்டு வர வேண்டும். ஏரிக்கரையில் நாக்குத் தள்ள ஓடி நின்றபோது வாட்ச் சரியாக நூற்று எண்பத்திரண்டு காட்டியது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "டிராயிங்லேந்து அப்டியே எறங்கி வந்தவன்யா நீ!" எனக்குத் தலைகால் புரியவில்லை. டி.ஃபார்ம் படித்தவன் நான். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது, யாருக்கெல்லாம் பொருந்தும் என்று யோசிக்க வேண்டியது என் வேலைதான். எனக்குப் பொருந்திவிட்டதால் யோசிக்கவில்லை. செருப்புக் கடிக்காதவனுக்குச் செருப்பின் நினைப்பே வராது.

கடித்தது ஸ்டெல்லா அக்காவுக்கு. பொத்தேரியில் ஹாஸ்டல் மாணவர்களுக்கு மெஸ் நடத்துபவர். இன்ஸ்பெக்டருக்கும் அவருக்கும் ஒரே வயது, நாற்பத்தாறு. இருவருக்கும் எண் நூற்று எழுபத்து நான்கு. அக்கா சாதாரணமாக ஓடினாலே அதைத் தாண்டிவிடுவார். நூற்றுத் தொண்ணூறு காட்டும்போதும், அன்றைக்கு மெஸ்ஸில் சாம்பாருக்கு யார் உப்புப் போட மறந்தது என்கிற கதையை மூச்சு வாங்காமல் சொல்லிக்கொண்டு வருவார்.

"நில்லும்மா! நில்லு! நூத்தி தொண்ணூத்தி ரெண்டு கீது!" என்று பின்னாலிருந்து இவர் அலறுவார்.

"கீதுன்னா கீட்டும். நான் பேசிகினு தானே வரேன்? எனக்கு இன்னா ஆயிப்போச்சி?"

"பேச்செல்லாம் கணக்குல இல்ல. ஓவர்சைஸ். ஓரமா நட."

"யோவ் இன்ஸ்பெக்டரே, அஞ்சி வெரலும் ஒண்ணாவா கீது?"

"வெரல் ஒசரம் மாறும். எண்ணிக்க மாறுமா?" என்று தன் கையை விரித்துக் காட்டினார். அக்கா சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம்.

ஆனால் இன்ஸ்பெக்டர் விடவில்லை. ஒருநாள் ஆட்டோ வைத்து அக்காவை இழுத்துக்கொண்டு போய் ஈசிஜி எடுத்துவந்தார். கோளாறு ஒன்றும் இல்லை என்று வந்தது. "மிஷின் சரியில்ல" என்றார். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்கிற பயம் அவர் கண்ணில் நிஜமாகவே இருந்தது. அந்தப் பயத்துக்காகவே அக்கா நாலு மாதம் ஓரமாக நடந்தார். ஐந்தாவது மாதம் நெஞ்சுப் பட்டையைக் கழற்றி அவர் தோளில் போட்டார். "இத்த நீயே கட்டிக்க. என் நெஞ்சு எனக்குத் தெரியும்." அதற்குப் பிறகு அக்கா பட்டையே கட்டவில்லை. ஓட வருவதை மட்டும் நிறுத்தவில்லை. இன்றைக்கும் ஓடுகிறார்.

தன் எண்ணைப் பற்றி இன்ஸ்பெக்டர் பேசமாட்டார். மாதக் கடைசியில் எல்லாரையும் ஓடவிட்டுக் குறித்த பிறகு, யாரும் கேட்காவிட்டால் அட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். ஒருநாள் நான் பிடுங்கிப் பார்த்தேன். நூற்று அறுபத்து மூன்று. முந்தின மாதமும் நூற்று அறுபத்து மூன்று. அதற்கு முந்தின மாதம் நூற்று அறுபத்திரண்டு.

"பதினொண்ணு கொறையுதே அண்ணாத்த!" என்று கத்தினேன். அன்றிலிருந்து அது ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. அவர் வரும்போதே யாராவது, "பதினொண்ணு வருது பார்" என்பார்கள். ஆரம்பித்துவைத்த புண்ணியவான் நான்தான். எங்களை ஊர்ப்பட்ட பாடு படுத்தியவரை ஒருநாள் திருப்பிப் படுத்துவதில் ஒரு சுகம் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. தனியாக என்னிடம் வந்து, "உள்ள ஏதோ ஒரு சோம்பேறித்தனம் கீது மெடிக்கல். முழுசா தர மாட்டேங்குது" என்றார். தன் நெஞ்சைக் காட்டித்தான் சொன்னார். இருபது வருஷம் மற்ற பாகங்களைச் சிவப்புத் தொட்டியில் போட்டவருக்குத் தானே அதில் விழுந்துகிடப்பது எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

கம்பெனியில் வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில் அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை என் கடையில்தான் வாங்கினார். இதயத்தின் வேகத்தைத் தணிக்கிற வகை மாத்திரை. அந்த மாதம் ஏரிக்கரையில் உயிரைக் கொடுத்து ஓடியும் வாட்ச் நூற்று முப்பத்தெட்டுக்கு மேல் ஏறவில்லை. டீ குடிக்காமலேயே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கடையில் கூட்டம். ஓர் அம்மாவுக்குக் குழந்தையின் இருமல் மருந்தை எத்தனை முறை கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"இன்னா மெடிக்கல், இது துடிப்பைக் கம்மி பண்ணுமா?"

"ஆமா அண்ணாத்த, அதோட வேலையே அதான்."

"அப்போ ஓடற அன்னிக்கு மட்டும் உட்டா?"

நான் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. மருந்துப் பெட்டியில் பேனாவால் கோடு போட்டுக்கொண்டே, "ஒரு நாள் உட்டா ஒண்ணும் ஆவாது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். மொத்தம் அரை நிமிஷம் இருக்கும்.

அந்த வகை மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு வாய் வலிக்கச் சொல்லுவேன். அவருக்குச் சொல்லவில்லை. அவர் ஒரு நாளைக்குத்தான் கேட்டார், நானும் ஒரு நாளைக்குத்தான் சொன்னேன் என்று எனக்கு நானே எத்தனையோ முறை வாதாடிப் பார்த்துவிட்டேன். அந்த வாதம் நிற்காது. ஒரு நாளில் துடிப்பு ஏறாததைப் பார்த்து அவர் இரண்டு நாள் விட்டிருக்கிறார். இரண்டு நாள் போதாமல் வியாழக்கிழமையே நிறுத்தியிருக்கிறார். மாத்திரை வாங்க மாதம் தவறாமல் வர வேண்டியவர் அடுத்த முறை பத்து நாள் தாமதமாக வந்தார். மெடிக்கல் ஷாப்காரனுக்கு இது போதும். வீட்டில் மாத்திரை மிஞ்சுகிறது என்று கண்ணால் பார்த்த மாதிரி தெரிந்துவிடும். எனக்கும் தெரிந்தது. கேட்டால் பேச்சு வளரும், கடையில் ஆள் நிற்கிறது என்று கேட்காமல் விட்டேன். ஏரிக்கரையில் அவருடைய எண் நூற்று ஐம்பது, நூற்று ஐம்பத்தெட்டு என்று ஏற ஏற நான்தான் முதலில் கைதட்டினேன்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் ஓடுவது எங்கள் வழக்கம். வேன் பிடித்துத் திருவிடந்தைக்குப் போவோம். அந்த வாரம் அவர் வேனிலேயே சொன்னார்: "மணல்ல ஓடனா ஏறும்யா. இன்னிக்கி தொட்டுருவேன்." முகம் வெளுத்திருந்தது. ஸ்டெல்லா அக்காதான் அதைக் கவனித்தார். "தூங்குனியா நீ? மூஞ்சி ஏன் இப்பிடி கீது?" என்று கேட்டார். தூங்கினேன் தூங்கினேன் என்று கையை உதறினார்.

படகுகள் ஏற்றிவைத்திருந்த இடத்திலிருந்து சவுக்குத் தோப்பு முனை வரை மூன்று முறை ஓடுவது என்று ஏற்பாடு. இரண்டாவது முறை திரும்பும்போது நான் அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தேன். அவர் வாட்சை எட்டிப் பார்த்து நூற்று அறுபது என்றேன். அறுபத்தொன்று என்றேன். "உடாத அண்ணாத்த, உடாத!" அறுபத்து மூன்று. அதற்கு மேல் நகரவில்லை. அவர் வாயைத் திறந்து காற்றைத் தின்பதுபோல ஓடினார். எதிரே நடந்து வந்துகொண்டிருந்த அக்கா இரண்டு கையையும் விரித்து, "யோவ் நிறுத்துயா! மெடிக்கல், அவர நிறுத்து!" என்று கத்தினார். நான், "இன்னும் பதினொண்ணுதான்!" என்று கத்தினேன்.

முழங்கால் மடங்கி மணலில் விழுந்தார். வலை சரிசெய்துகொண்டிருந்த மீனவர்கள் ஓடிவந்து, கையிலிருந்த வலையையே நாலாக மடித்து அதில் அவரைக் கிடத்தி ரோடு வரை தூக்கிப் போனார்கள். நான் அவருடைய செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் வெறுங்காலோடுதான் ஓடினார் என்பதும், அந்தச் செருப்பு வேறு யாருடையதோ என்பதும் ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது.

பதினோரு நாள் இருந்தார். மூன்றாம் நாளே நன்றாகப் பேசினார். மாத்திரையை நிறுத்திவிட்டு இப்படி ஓடினால் இதயம் என்ன செய்யும் என்று டாக்டர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது நானும் அங்கே நின்றிருந்தேன். எதற்காக இப்படி ஓடினீர்கள் என்று கேட்டார் டாக்டர். இவர் நூற்று எழுபத்து நான்கு கணக்கைச் சொன்னார். டாக்டருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை.

"அது சராசரிங்க. ஆயிரம் பேரப் பாத்துட்டு நடுவுல ஒரு கோடு போடறது. ஒரே வயசுல ஒருத்தருக்குப் பத்துப் பதினஞ்சு கூட இருக்கும், ஒருத்தருக்குப் பத்துப் பதினஞ்சு கம்மியா இருக்கும். பொறப்புலயே அப்படித்தான். அதுல நல்லது கெட்டது ஒண்ணும் இல்ல. மாத்திரைக்கு முன்னாடி உங்களுக்கு எவ்ளோ வந்துது?"

"நூத்தி அறுவத்தி மூணு."

"அப்போ உங்க உச்சம் அதான்."

டாக்டர் போன பிறகு, "அப்போ ஸ்டெல்லாவும் பாஸு" என்றார். கொஞ்சம் கழித்து, "எந்த டிராயிங் வந்தாலும் மொதல்ல டாலரன்ஸத்தான் பாப்பேன் மெடிக்கல். எவ்ளோ கூடலாம், எவ்ளோ கொறையலாம்னு அதுல போட்டிருக்கும். போடலன்னா டிராயிங்கையே திருப்பி அனுப்பிச்சுருவேன். இத்த மட்டும் எப்டிய்யா கேக்காம வாங்குனேன்? நானு?" என்று கேட்டார். கண்ணோரம் ஈரமாக இருந்தது. அந்த நேரத்தில் நான் என் பங்கைச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கே தெரிந்த விஷயம்தான், ஆனாலும் என் வாயால் சொல்லியிருக்க வேண்டும். ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டுக் கடையைத் திறக்க வந்துவிட்டேன். எட்டு நாள் கழித்து விடியலில் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன் வந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு துணிப் பையைக் கொடுத்தார். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள்.

"ஷூ வைக்கிற பெட்டிக்குள்ள கெடந்துது தம்பி. யாருனா இல்லாதவங்களுக்குக் குடுங்க. ஆஸ்பத்திரில கேட்டப்போ, மறந்துட்டேன் மறந்துட்டேன்னே சொல்லிகினு இருந்தாரு. கடைசி வரிக்கும் அதத்தான் சொன்னாரு."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மெடிக்கல் ஷாப்காரர் கூட ஓடறாருன்ற தைரியத்துலதான் தம்பி நான் அனுப்பிகினு இருந்தேன்" என்றார் அந்த அம்மா. "இத்தினி மாத்திரைய உட்டிருக்காரு. உடலாமா கூடாதான்னு உங்களாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டாரு அண்ணி" என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க இன்னா சொன்னீங்க?"

சொன்னேன். கடையில் சொன்ன அதே வார்த்தைகளை, மாற்றாமல் சொன்னேன். அவர் திட்டுவார் என்று நின்றேன், திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. என் கையிலிருந்த பையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பந்தியில் அடுத்த ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்களா என்று பார்க்க உள்ளே போனார்.